தயிர்த் திருடனும் பொங்கல் செங்கலும்

ஜனவரி 11

நாட்குறிப்பு எழுதச் சொன்னது அப்பா. "புது நாடு, புது ஊரு. எழுதி வையி, பின்னால படிச்சா சிரிப்பா இருக்கும்" என்றார். இப்போது வராத சிரிப்பு பின்னால் எப்படி வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் சொல்லாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

என் பெயர் நித்திலா. வயது பதினாலு. எனக்குச் சந்தேகப் புத்தி என்று அம்மா சொல்லுவாள். அது அம்மாவிடமிருந்து வந்தது என்று அப்பா சொல்லுவார், அம்மா பக்கத்தில் இல்லாதபோது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இன்ஜினியராக இருந்த அப்பா இப்போது தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் அதே வேலை பார்க்கிறார். அதனால் நானும் அம்மாவும் என் தம்பி மகிழனும் பெட்டிகளோடு இங்கே வந்து இறங்கியிருக்கிறோம்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் குமாலோ ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறார். வீட்டில் மூன்று விஷயங்கள் சரியில்லை. ஒன்று, ஜன்னலுக்கு வெளியே குரங்குகள். இரண்டு, பின்பக்க அறையில் தண்டேகா என்று ஒரு கல்லூரிப் பெண். மூன்று, எல்லாக் கட்டில்களுக்கும் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரயிலில் மேல் பெர்த்துக்கு ஏறுவதுபோல் ஏற வேண்டியிருக்கிறது. மகிழன் முதல் நாளே உருண்டு விழுந்தான்.

எதற்காக ஒரு வீட்டில் எல்லோரும் உயரத்தில் தூங்குகிறார்கள்? தரையில் என்ன இருக்கிறது?

ஜனவரி 12

தண்டேகாவிடம் கேட்டேன். (நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். எனக்குத் தமிழில் எழுதத்தான் வருகிறது, எனவே எல்லோரும் இங்கே தமிழில் பேசுவார்கள்.)

"அடியில பெட்டி வைக்க இடம் வேணும்ல, அதுக்குத்தான்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்லுவதை நான் நம்புவதில்லை.

அவள் வேதியியல் படிக்கிறாள். குமாலோவுக்கு ஊர்க்காரப் பெண், இருவரும் இந்த மண்ணின் ஜூலு இனம். வாடகை கிடையாது, பதிலாகக் காலையில் வீட்டு வேலையில் உதவ வேண்டும், எங்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வர வேண்டும். இதுதான் ஏற்பாடு. இந்த அறை இல்லாவிட்டால் அவள் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கிருந்து கல்லூரிக்கு வரவே முடியாது என்று அப்பா சொன்னார். அதனால் ஒழுங்காக இருப்பாள் என்று அம்மா சொன்னாள். பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு மூட்லி ஆன்ட்டியிடமும் கேட்டேன். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர். ஆன்ட்டிக்குத் தமிழில் சாமிப் பாட்டும் சாப்பாட்டுப் பெயர்களும் மட்டும் தெரியும். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

"டோக்கலோஷே. குட்டை. முழங்கால் உயரந்தான். உடம்பெல்லாம் முடி. வாயில ஒரு கூழாங்கல் போட்டா கண்ணுக்குத் தெரியாம போயிடுவான். புளிச்ச பால்னா உயிர். தூங்குறவங்க கால் விரலைக் கடிப்பான். ஆனா அவன் கை எட்டுற உயரம் கம்மி. அதுக்குத்தான் செங்கல்."

தண்டேகா இதைக் கேட்டுவிட்டு, "கண்ணுக்குத் தெரியாதது, வீட்டுக்குள்ள பரவுது, புளிச்ச வாடை வருதுன்னா அது வாயுவா இருக்கும்" என்றாள்.

ஜூலு மண்ணின் பேயைத் தமிழ் ஆன்ட்டி நம்புகிறார், ஜூலுப் பெண் நம்பவில்லை. இதில் யாரோ ஒருவர் நடிக்கிறார்.

ஜனவரி 13

தண்டேகா எனக்கு நாக்கைச் சொடுக்கிப் பேசக் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் ஜூலு மொழியில் சில எழுத்துகளை அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். எனக்கு வரவில்லை. மறுபடி மறுபடி செய்து காட்டினாள். தலைகூடப் பின்னிவிட்டாள். ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று கவனிக்க வேண்டும்.

ஜனவரி 14

நாளை பொங்கல். அம்மாவுக்குச் செங்கல் வேண்டுமாம். ஊரில் என்றால் தெருவிலேயே கிடக்கும். இங்கே கடையில் லாரி லாரியாகத்தான் விற்பார்களாம். அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

ஜனவரி 15

எதிர்பார்த்ததுதான். காலையில் எழுந்தால் என் கட்டிலும் மகிழன் கட்டிலும் தரையில் நிற்கின்றன. செங்கல் எல்லாம் பின்வாசலில் அடுப்பாக நிற்கிறது, மேலே பானை.

"ஏட்டி, வந்து குலவை போடு, பொங்கப் போகுது" என்று அம்மா கூப்பிட்டாள். பொங்கியது. குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. தண்டேகா ஒரு கிண்ணம் சாப்பிட்டு, "இனிப்பு அதிகம்" என்றாள். பிறகு இன்னொரு கிண்ணம் சாப்பிட்டாள்.

மூட்லி ஆன்ட்டி கரும்போடு வந்தார். கரி பிடித்த செங்கலைப் பார்த்ததும் கரும்பைக் கீழே வைத்தார்.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

நான் மொழிபெயர்த்தேன். அம்மா, "பிள்ளைய கட்டிலுக்கு அடியில சும்மாதான கெடந்துச்சு" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். ஆன்ட்டி முகம் வெளுத்துவிட்டது. உடனே திரும்ப வைத்துவிடுங்கள் என்றார்.

அதற்கு அம்மா சம்மதிப்பாளா? "சூரியனுக்குப் பொங்க வச்ச செங்கல்ல காலுக்குக் கீழ போடச் சொல்லுதாங்களே, விளங்குமா?" என்று மஞ்சள் குங்குமம் வைத்து மாமரத்தடியில் அடுக்கிவிட்டாள். இனி அதை யாரும் தொட முடியாது. டோக்கலோஷேகூட.

மாலையில் கோயிலுக்குப் போனோம். தெருவில் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ பயம் காட்டியதால் அம்மா கவரிங் சங்கிலியைப் போட்டுக்கொண்டாள். அசல் சங்கிலி எங்கே என்று கேட்டேன். "ஒனக்கெதுக்கு?" என்றாள். காரில் அம்மா கையில் சுக்கு வாடை அடித்தது. யாருக்கும் சளி இல்லை. குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 17

பிரிட்ஜுக்கு வெளியே உறைக்கு வைத்த தயிர் காணவில்லை. பாத்திரம் இருக்கிறது. நக்கி வைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறது.

குரங்கு என்கிறார் அப்பா. ஜன்னல் உள்பக்கம் பூட்டியிருந்தது. எந்தக் குரங்கு தயிரைத் தின்றுவிட்டு மூடியைத் திருப்பிப் போடும்?

ஜனவரி 18

இட்லி மாவு. இந்த ஊர் வெக்கையில் அது பொங்கி வழியும் என்று பெரிய பாத்திரத்தில் வைத்திருந்தாள் அம்மா. வழியவில்லை, குறைந்திருந்தது. பாதி இல்லை.

"பச்ச மாவ எவம்ல திங்கான்?" என்று அம்மா கேட்டாள். மகிழன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

அவனை விசாரித்தேன். "நான் இல்ல" என்றான். பிறகு யார் என்று கேட்டால், "அவன் பேர் சொல்ல மாட்டேங்கான்" என்கிறான்.

இன்றிரவு முதல் அப்பா துறைமுகத்துக்குப் போட்டுப்போகும் இரும்பு முனைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன். பயம் ஒன்றும் இல்லை. விரல்கள் முக்கியம்.

ஜனவரி 19

பள்ளி முதல் நாள். யாரும் என்னோடு பேசவில்லை. நானும் அவர்களை நம்பவில்லை, சரியாகப் போயிற்று.

மாலை தண்டேகா வாசலில் காத்திருந்தாள். மூட்லி ஆன்ட்டியின் பேத்தி சாஷா அவள் பக்கத்தில் நின்று நாக்கைச் சொடுக்கிக் காட்டினாள். முதல் தடவையிலேயே வந்துவிட்டது. தண்டேகா கை தட்டினாள், அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். யாரோடு சிரித்தால் எனக்கென்ன? நான் வீடு வரைக்கும் பேசாமல் வந்தது கால் வலியால்.

ஜனவரி 20

பொறி வைத்தேன். கட்டிலைச் சுற்றிக் கோலமாவு தூவி, நடுவில் ஒரு கிண்ணம் தயிர்.

காலையில் கிண்ணம் காலி. மாவில் சின்னச் சின்னக் காலடிகள், குழந்தை கால் அளவு, கதவிலிருந்து கட்டில் வரை. திரும்பிப் போன தடம் இல்லை.

அப்பாவிடம் காட்டக் கூப்பிட்டேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "கிருஷ்ண ஜெயந்தி ஆவணியிலல்லா வருது? இப்ப எதுக்குட்டி பாதம் போட்டிருக்க?" என்று துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டாள். ஆதாரம் போய்விட்டது.

ஜனவரி 21

மறுபடியும் தயிர் வைத்தேன். பொறிக்காகத்தான். கொஞ்சம் உப்பும் போட்டேன், அதுவும் பொறிக்காகத்தான்.

ஜனவரி 22

வீட்டில் இடி விழுந்திருக்கிறது. அம்மாவின் அசல் சங்கிலியைக் காணவில்லை. கல்யாணத்துக்குப் பேச்சி சித்தியும் அம்மாவும் ஒரே மாதிரி செய்துகொண்ட ஐந்து பவுன் சங்கிலி. நாளை வெள்ளிக்கிழமை, போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்திருக்கிறாள்.

"பீரோவுலதான் வச்சேன். எப்பவும் அங்கனதான வைப்பேன்" என்று சொல்லிக்கொண்டே துணிகளையெல்லாம் இழுத்துப் போட்டாள். அப்பா கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார். தரையோடு நிற்கும் எங்கள் கட்டில்களுக்கடியில் டார்ச் வெளிச்சம் போய் எதிலோ முட்டியதுபோல் பாதியிலேயே நின்றது. அப்பா பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார்.

அம்மா என்னைக் கேட்டாள். "நம்ம ரூமுக்குள்ள யாராவது போனதப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். செவ்வாய்க்கிழமை தண்டேகா அம்மா அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். அது உண்மை. நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அன்றைக்குத்தான் எங்கள் யூனிஃபார்மும் அம்மாவின் சேலைகளும் இஸ்திரி போட்டு அம்மா கட்டிலில் மடித்து வைத்திருந்தன. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23

அம்மா தண்டேகாவைச் சமையலறையில் நிறுத்திக் கேட்டாள். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"எங்க ரூமுக்கு எதுக்குப் போன?"

"துணி வைக்க."

"சங்கிலியப் பாத்தியா?"

தண்டேகா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ என்னைக் கேக்குறியா, இல்ல அவங்க கேக்குறாங்களா?" என்றாள். அதை எப்படித் தமிழில் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை.

"தயிர், மாவு, இப்ப சங்கிலி. எல்லாம் ஒரே கைதான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "ஏ கோமதி, பாக்காத ஒண்ண எப்படிச் சொல்லுத? அவசரப்படாத" என்று அப்பா சொன்னதை யாரும் கேட்கவில்லை. குமாலோவுக்குப் போன் போயிற்று. ஞாயிறு முடிந்ததும் தண்டேகா அறையைக் காலி செய்ய வேண்டும், திங்கட்கிழமை சாவியைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இன்று எங்களைப் பள்ளியிலிருந்து அப்பா கூட்டிவந்தார்.

ஜனவரி 24

தண்டேகா அறையில் அட்டைப் பெட்டியில் டேப் ஒட்டும் சத்தம். நாள் முழுக்க.

ஜனவரி 25

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எனக்கே நம்பிக்கையில்லை, ஆனால் கண்ணால் பார்த்தேன்.

சங்கிலியை அவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தயிர் எடுத்தவனுக்குச் சங்கிலி எடுக்கத் தெரியாதா? அவனைப் பிடித்தால் சங்கிலி கிடைக்கும், சங்கிலி கிடைத்தால் தண்டேகா போக வேண்டியதில்லை. (அவள் இருந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டுமல்லவா?)

பிடிக்க என்ன வழி? வாயில் கல் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியமாட்டான். கல்லைத் துப்ப வைக்க வேண்டும். தயிரைக் கல்லோடேயே குடித்துவிடுகிறான். வாயில் போட்டு நெடுநேரம் சப்ப வேண்டியதாக இருக்க வேண்டும், புளிப்பாகவும் இருக்க வேண்டும். பேச்சி சித்தி கட்டிக்கொடுத்த பலகாரப் பையில் தேடினேன். புளி மிட்டாய் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. சாப்பிட்டதும் எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். அப்பாவின் குறட்டை கூடத்திலிருந்து கேட்டது. நான் ஒரு புளி மிட்டாயைப் பிரித்துக் கட்டில் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, சப்பாத்துக் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணை மூடுவதுபோல் கிடந்தேன்.

மிட்டாய் தானாக எழும்பியது. அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தது, அதாவது பிடித்திருந்தவன் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு 'டக்' என்று ஒரு கூழாங்கல் தரையில் விழுந்தது. இரும்பு முனைச் சப்பாத்தை அதன்மேல் வைத்தேன்.

அவன் தெரிந்தான். அரைகுறையாக உரித்த தேங்காய்க்குக் கை கால் வைத்த மாதிரி இருந்தான். கன்னம் ஒரு பக்கம் மிட்டாயால் உப்பியிருந்தது. என் முழங்காலுக்குத்தான் இருந்தான்.

"ஏட்டி, கால எடு" என்றான்.

எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. "நீ தமிழா?" என்று கேட்டேன்.

"கேக்கா பாரு கேள்வி. ஒங்கம்மா காலையில எந்திச்சு போன எடுத்தான்னா பேச்சிகிட்ட மத்தியானம் வரைக்கும் பேசுதா. அடியில கெடக்கவனுக்குக் காது இல்லியா? கட்டிலுக்கு அடியில தூசி வேற. கூட்டுனா கையா தேஞ்சிரும்?"

அச்சு அசல் அம்மா. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"ஒன்ன யாரு அனுப்பினா? சாஷாவா?"

"எவளும் அனுப்பல. செங்கல எடுத்தீய, கட்டில் தாந்துச்சு, வந்தேன். தயிர் நல்லா இருந்துச்சு, இருந்துட்டேன். உப்பு போட்டது நல்ல யோசனை."

"எங்கம்மா சங்கிலியக் குடு."

அவன் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். ரொம்பவும் புண்பட்டுவிட்டான் என்று தெரிந்தது. "தங்கத்த வச்சு நான் என்ன செய்ய? அது புளிக்குமா?"

"அப்ப யாரு எடுத்தா?"

"எடுக்கதுக்கு என்ன இருக்கு? ஒங்கம்மாதான் வச்சா. கோயிலுக்குப் போறதுக்கு முன்னால அடுக்களையில நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, அந்த நாத்தம் புடிச்ச டப்பாவுக்குள்ள போட்டு அமுக்கினா. கஷாயப் பொடி. நான் பக்கத்துல நின்னேன், தும்மித் தும்மிக் கல்லு கீழ விழுந்து அன்னைக்கே மாட்டிருப்பேன்."

சுக்கு வாடை. குறித்து வைத்தேனே. குறித்து வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். சளி பிடித்தால் தவிர அந்த டப்பாவை எங்கள் வீட்டில் யாரும் திறப்பதில்லை. அம்மா மறந்தே போய்விட்டாள்.

"பொய் சொல்லுத" என்றேன்.

"நம்பாட்டி போ. அந்தப் பிள்ள துணிய மடிச்சு வச்சிட்டு வெளிய வந்தா. கையில இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலியா? நீயும் அங்கனதான நின்ன?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அப்பாவின் குறட்டை அந்த நேரத்தில் பலமாக இருந்தது.

பேரம் பேசினோம். சங்கிலி அவன் சொன்ன இடத்தில் இருந்தால் கல்லைத் திருப்பித் தருவேன், யாரிடமும் சொல்லமாட்டேன். அவன் யார் விரலையும் கடிக்கக் கூடாது. "ஒன்ன எப்படி நம்புறது?" என்று அவன் கேட்டான். "அதத்தான் நானும் கேக்குதேன்" என்றேன். கல் இல்லாமல் எங்கே போவது, குரங்கு பார்த்தால் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று புலம்பிக்கொண்டே கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டான். பாவமாக இருந்தது என்று எழுதலாம். எழுதமாட்டேன்.

ஜனவரி 26

நேராகப் போய் டப்பாவைத் திற என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. ஒனக்கெப்படித் தெரியும், நீதான் ஒளிச்சு வச்சியா என்பாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் யோசிப்போம்.

அதனால் காலையில் எழுந்ததிலிருந்து இருமினேன். தண்டேகா சாவியைக் கொடுக்கப் பின்வாசலுக்கு வரும் நேரம் பார்த்து, தொண்டை கிழிய ஒரு இருமல் இருமினேன். மகிழன் கேட்காமலேயே கூடச் சேர்ந்து இருமினான். அவனை எப்போதும் குறைத்து எடைபோட்டிருக்கிறேன்.

"ராத்திரி பேனுக்கு அடியிலயே கெடந்தா வராம என்ன செய்யும்?" என்று அம்மா எட்டிக் கஷாய டப்பாவை எடுத்தாள். தண்டேகா வாசலில் சாவியோடு நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் கரண்டியை உள்ளே விட்டாள். கரண்டி மேலே வந்தபோது பொடிக்கு நடுவே சங்கிலி தொங்கியது.

 அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அப்பா கூரையைப் பார்த்தார்.

தண்டேகா சாவியை மேடையில் வைத்தாள். "கிடைச்சது சந்தோஷம், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கத்தியிருக்கலாம்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கை முழுக்கச் சுக்குப் பொடி. "நாந்தான் வச்சேன். நாந்தான்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து எனக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். உலகமே இடிந்தாலும் இருமினவளுக்குக் கஷாயம் உண்டு, பள்ளி கிடையாது. முழுக்கக் குடிக்க வேண்டியதாயிற்று.

"கோமதி, போய்ச் சொல்லு" என்றார் அப்பா.

"என்னத்தச் சொல்ல? என் இங்கிலீஷ் ஒங்களுக்குத் தெரியாதா?"

"இங்கிலீஷா இப்ப பிரச்சன?"

மத்தியானம் வரைக்கும் அம்மா பாத்திரம் விளக்கினாள், விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, கூட வா" என்றாள்.

தண்டேகா அறையில் மெத்தை சுருட்டியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னாள்: "தப்பு எம்மேலதான். ஒன்னத் திருடின்னு நெனச்சிட்டேன். பெத்தவ கூட இல்லாத பிள்ளைய அப்படி நெனச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிரு தாயி." நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

தண்டேகா அட்டவணையைச் சுருட்டி முடித்தாள். "என்னைப் பத்தி அவர்கிட்ட போன்ல சொன்னீங்க. இதையும் அவர்கிட்ட போன்ல சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

அம்மா உடனே போட்டாள். வியர்த்து ஒழுகியது. "மிஸ்டேக், சார். மை மிஸ்டேக். கேர்ள் வெரி குட். ரூம், ப்ளீஸ் கிவ்." குமாலோ என்ன கேட்டாரோ, "நோ நோ, ஷி நோ திஃப். ஐ ஃபர்கெட்" என்று கத்திச் சொன்னாள். தூத்துக்குடிக்குக் கேட்டிருக்கும்.

அறை திரும்பக் கிடைத்தது. அம்மா மேடையில் கிடந்த சாவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். நானும் போகத் திரும்பினேன்.

"நீ நில்லு" என்றாள் தண்டேகா. "என் கையில இஸ்திரிப் பெட்டி இருந்ததை நீ பாத்த. எதுக்கு அதைச் சொல்லல?"

நான் சொன்னது இங்கே வேண்டாம். அழுதேன் என்று மட்டும் எழுதுகிறேன். கஷாயத்தில் மிளகு அதிகம்.

ஜனவரி 27

கல்லை அவனிடம் கொடுத்தேன். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியே" என்று ஆச்சரியப்பட்டான். "நீ மட்டும் என்ன?" என்றேன். கல்லை வாயில் போட்டுக்கொண்டான். போனானா, அங்கேயே நிற்கிறானா என்று தெரியவில்லை. அதுதான் அவனோடு தொல்லை.

ஜனவரி 29

தண்டேகா எங்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறாள். மகிழன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். என்னோடு சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் பேசுகிறாள். இஸ்திரி போட்ட துணிகளை அம்மா அறைக்கு வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போகிறாள், உள்ளே வருவதில்லை. அம்மா அங்கிருந்து எடுத்துக்கொள்கிறாள். இது சீக்கிரம் சரியாகாது போலிருக்கிறது.

நாக்கைச் சொடுக்கிப் பழகுகிறேன். வாய் வலிக்கிறது.

ஜனவரி 31

மூட்லி ஆன்ட்டியின் தொல்லை தாங்காமல் அப்பா புதுச் செங்கல் வாங்கிவந்தார். மகிழன் கட்டிலை உயர்த்தியாயிற்று. என் கட்டிலுக்குச் செங்கல் பத்தவில்லை என்று சொல்லிவிட்டேன். கார் டிக்கியில் இன்னும் கிடக்கிறது, இருக்கட்டும்.

பிப்ரவரி 2

இன்று சாலையைக் கடக்கும்போது சொடுக்கினேன். வந்துவிட்டது. சத்தமாக, சுத்தமாக. தண்டேகா நடுரோட்டில் நின்றுவிட்டாள். அக்கரை சேர்ந்த பிறகு, "மறுபடி செய்" என்றாள். செய்தேன். கை தட்டவில்லை. தலையை மட்டும் பார்த்தாள். "யாரு பின்னி விட்டது இது? கண்றாவியா இருக்கு" என்றாள். நானே பின்னியது.

மாலையில் சீப்போடு வந்தாள். பின்வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். கூடத்தைத் தாண்டி என் அறை வரைக்கும் வந்து, தாழ்ந்த கட்டிலைப் பார்த்தாள்.

"உனக்குப் பயமில்லையா?"

"எதுக்குப் பயம்? நீதான வாயுன்னு சொன்ன."

சிரித்தாள். கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கீழே உட்கார வைத்துப் பின்ன ஆரம்பித்தாள். பாதி பின்னியிருப்பாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

சீப்பு நின்றது. "என்ன அது?"

"பூனை."

"உங்க வீட்டுல பூனை இல்லையே."

வேதியியல் மாணவி இரண்டு கால்களையும் மெதுவாகத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் பின்னலை முடித்தாள். போகும்போது கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் ஒரே தாவல்.

அடியில் கூட்டிப் பெருக்கிவிட்டேன், தூசியால்தான் தும்மல். தயிர்க் கிண்ணத்தையும் உப்புப் போட்டு உள்ளே தள்ளி வைத்தேன். பூனைக்குத்தான்.

அப்பாவிடம் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்று வெறுங்காலோடு படுக்கிறேன்.